சைஸ் எழுத்தில் இல்லை, சென்டிமீட்டரில் இருக்கிறது

(தேசிய நுகர்வோர் தினத்தையொட்டி, மகளிர் கல்லூரி ஒன்றின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் தையல் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



நான் மேடைப் பேச்சாளர் இல்லைங்க. தையல் சொல்லிக்கொடுக்கிறவள். இருபத்தெட்டு வருஷமாகக் கழுத்தில் இஞ்ச் டேப்போடு நிற்கிறவள். இன்றைக்கும் டேப்போடுதான் வந்திருக்கிறேன். பேச்சு முடிவதற்குள் உங்களில் யாரையாவது கூப்பிட்டு அளவெடுத்தாலும் எடுத்துவிடுவேன், பயந்துடாதீங்க.

நுகர்வோர் தினம் என்றால் கலப்படம், காலாவதி மாத்திரை, பெட்ரோல் அளவு என்று பேசுவார்கள். நான் பேச வந்தது சட்டை, பேண்ட், குர்தியின் சைஸ் பற்றி. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் வீட்டிலேயே அது நடக்கிற வரைக்கும்.

என் தங்கை மகள் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. ஃபார்மல் பேண்டும் சட்டையும் போட்டு வரச் சொன்னார்கள். தோழிகளோடு மூன்று கடை ஏறி இறங்கினாள். முதல் கடையில் விற்பனையாளர் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், "உங்க சைஸ் எல்லாம் வராதும்மா" என்றார். இரண்டாவது கடையில், "ஜென்ட்ஸ் செக்ஷன்ல பாருங்க" என்றார்கள். மூன்றாவது கடையில் டபுள் எக்ஸ்எல் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தொடைக்கு மேல் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் வெறும் தண்ணீர். பத்தாவது நாள் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் க்ளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது, "ஏன்டி இப்படி?" என்று கேட்டேன். "பெரியம்மா, அந்த பேண்ட் ஏறணும்ல" என்றாள்.

உடம்புக்குத் துணியை வெட்டுவதுதான் என் தொழில். என் வீட்டுப் பிள்ளை துணிக்கு உடம்பை வெட்டப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆறு சென்டிமீட்டர்

அவள் வீடு திரும்பிய பிறகு அளவெடுத்தேன். இடுப்பு 86 சென்டிமீட்டர். சீட், அதாவது பின்பக்கம் நல்லா அகலமாக இருக்கிற இடத்துச் சுற்றளவு, 114. பிறகு அந்த மூன்றாவது கடைக்கே போய், அதே டபுள் எக்ஸ்எல் பேண்டை மேஜையில் விரித்து அளந்தேன். இடுப்பு 88. சீட் 108.

பாருங்க, இடுப்பில் அந்த பேண்ட் அவளுக்கு லூஸ். சீட்டில் மட்டும் ஆறு சென்டிமீட்டர் போதவில்லை. அந்த பேண்டை வெட்டியவர், "இடுப்பை விடச் சீட் 20 சென்டிமீட்டர் கூட இருக்கும்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இவளுக்கு 28. இரண்டு சைஸ் தள்ளிப் பெரிய பேண்ட் வாங்கியிருந்தால் சீட் சரியாக வந்திருக்கும், இடுப்பு வழுக்கி விழுந்திருக்கும். பத்து நாள் இல்லை, பத்து மாசம் பட்டினி கிடந்தாலும் அந்தக் கணக்குக்குள் அவள் உடம்பு வராது. எலும்பு இளைக்காதுங்க.

அன்றைக்கே துணி எடுத்து வெட்டினேன். ஒரு நாள் வேலை. போட்டுப் பார்த்து, "இவ்வளவுதானா பெரியம்மா?" என்றாள். இவ்வளவுதான். இதை ஒருவர் முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த க்ளுக்கோஸ் பாட்டில் தேவைப்பட்டிருக்காது.

அந்த எழுத்து எங்கிருந்து வருகிறது?

எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

கம்பெனி முதலில் ஒரே ஒரு சைஸுக்குத்தான் மாதிரி தைக்கும். பெரும்பாலும் அது எம். அதை ஒரு மாடலுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். அது சரியாக வந்ததும், அந்த பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் ஒரே சீராகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் மற்ற சைஸ்களை எடுப்பார்கள். இதற்கு கிரேடிங் என்று பெயர். ஒவ்வொரு சைஸுக்கும் மார்பில் இத்தனை சென்டிமீட்டர் கூட்டு, தோளில் இத்தனை கூட்டு என்று ஒரு வாய்ப்பாடு.

ஆனால் உடம்பு வாய்ப்பாடு போட்டு வளர்வதில்லையே! எடை கூடினால் வயிறு கூடும், தொடை கூடும், மேல்கை கூடும். தோள் எலும்பு அவ்வளவாகக் கூடாது. அதனால்தான் பெரிய சைஸ் சட்டை வாங்கினால் வயிற்றில் சரியாக இருக்கும், தோள் தையல் மட்டும் கைக்கு இறங்கித் தொங்கும். இரண்டு மூன்று சைஸ் தாண்டினால் புதிதாக ஒரு பேட்டர்ன் போட வேண்டும். புது மாதிரி, புது மாடல், புதுச் செலவு. பல கம்பெனிகள் அந்த இடத்தில் நின்றுவிடும்.

அடுத்தது கடைக்காரர் கணக்கு. அவர் துணி எடுக்கும்போது ஒரு ரேஷியோ சொல்லுவார். ஆறு பீஸ் கட்டு என்றால் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. ஓரத்து சைஸ்கள் விற்காமல் தங்கினால் பணம் முடங்கும். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. கம்ப்யூட்டர் பில்லைப் பார்த்து, "எங்க கடையில எல் சைஸ்தான் அதிகமா போகுது" என்று சொல்லுவார். வாங்கியவர் கணக்கு பில்லில் இருக்கிறது. கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் கணக்கு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஸ்டாக் இல்லாததால் விற்கவில்லை, விற்காததால் ஸ்டாக் இல்லை. இப்படியே சுற்றுகிறது.

நம்ம மாநிலத்தில் இது இன்னும் வேடிக்கை. திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர் வந்தால், வாங்குபவர் கொடுக்கும் சார்ட்டுப்படி எந்தப் பெரிய சைஸையும் நம்ம பெண்கள்தான் தைத்து அனுப்புகிறார்கள். தைக்கத் தெரியாமல் இல்லை. நம்ம ஊர் அலமாரிக்குத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்பவர் குறைவு.

இதில் இன்னொரு கூத்து, ஃப்ரீ சைஸ். எல்லாருக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள். கடையில் எந்த ரெடிமேடும் சரியாக வராத அக்காமார்கள் எத்தனை பேர் வருஷக்கணக்கில் நைட்டியிலேயே இருந்துவிடுகிறார்கள் தெரியுமா? பேரன் பள்ளி விழாவுக்கு வரச் சொன்னால், "போட்டுக்க ஒண்ணும் இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். நாம் அதை வெட்கம் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது சைஸ்.

சராசரி உடம்பு என்று ஒருவர் இல்லை

"சராசரியாக எல்லாருக்கும் சரியாக வருகிறதே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று யாராவது நினைத்தால், அவர்களுக்காக இரண்டு பழைய கதை சொல்கிறேன். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

1945-ல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரப் பத்திரிகை ஒன்று போட்டி நடத்தியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் அளவுகளைச் சராசரி பார்த்து, நார்மா என்று ஒரு பெண் சிலை செய்திருந்தார்கள். அந்தச் சிலைக்கு மிக நெருக்கமான அளவுள்ள பெண்ணுக்குப் பரிசு. 3,864 பேர் கலந்துகொண்டார்கள். பார்த்தது ஒன்பது அளவுகள். அவற்றில் ஐந்து அளவுகளாவது சராசரிக்குப் பக்கத்தில் வந்தவர்கள் 40 பேருக்கும் குறைவு. ஒன்பதும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது, விமானப்படை. 1950-ல் 4,000-க்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தார்கள். காக்பிட் இருக்கை பழைய சராசரிக்குச் செய்யப்பட்டது, அதனால்தான் விபத்து நடக்கிறதோ, புதுச் சராசரி எடுத்தால் சரியாகிவிடுமோ என்று யோசனை. அங்கே கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் வேலை செய்தார். உயரம், மார்பு, கை நீளம் போன்ற பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுவாந்தரமாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். 4,063 பேரில் ஒருவரும் இல்லை. வெறும் மூன்று அளவை எடுத்தாலே நூற்றுக்கு மூன்றரை பேருக்கும் குறைவாகத்தான் பொருந்தினார்கள்.

விமானப்படை என்ன செய்தது? விமானியைப் பட்டினி போடவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி செய்தது. பெடலை, பெல்ட்டை, ஹெல்மெட் வாரை எல்லாம் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தது. கார் சீட்டை நீங்கள் நகர்த்தி உட்காருவதும் இதே யோசனைதான். அந்த யோசனை துணிக்கடைக்குத்தான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

நம்ம உடம்பு, யாருடைய சார்ட்?

ரெடிமேட் சைஸுக்கு முதல் பெரிய அளவெடுப்பும் அமெரிக்காவில்தான். 1939-40-ல் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடத்தில் அளந்தார்கள். முடிவில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தபாலில் துணி விற்ற கம்பெனிகளுக்குத் தலைவலி, வாங்கினவர்கள் சைஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று. அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1958-ல் ஒரு தரநிலை வந்தது. பிறகு அது கட்டாயமில்லை என்றானது. 1983-ல் வாபஸே வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிராண்டும் தன் இஷ்டத்துக்கு ஒரு சார்ட். ஒரு கடையில் நீங்கள் எம், பக்கத்துக் கடையில் எக்ஸ்எல். நீங்கள் அந்தப் பத்தடி தூரத்தில் குண்டாகவில்லைங்க.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 1996-ல் பிறந்தவர்களின் உயரத்தை உலகம் முழுக்க ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. அதன்படி இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர், பெண்ணுக்கு சுமார் 153. அமெரிக்காவில் ஆணுக்கு 177, பெண்ணுக்கு 163. பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த ஊர் சார்ட்டை வைத்து பேண்ட் தைத்தால் என்ன ஆகும்? வாங்கின உடனே பக்கத்துத் தையல்காரரிடம் போய்க் கீழே வெட்டி மடிக்க வேண்டியதுதான். இங்கே இருக்கும் அப்பாக்களைக் கேளுங்கள், வெட்டாமல் போட்ட பேண்ட் எத்தனை என்று! கீழே வெட்டினால் நீளம் சரியாகும். ஆனால் முழங்காலுக்காகக் குறுக்கின இடம் கெண்டைக்காலில் வந்து நிற்கும். அதனால்தான் வெட்டின பேண்ட் எப்போதும் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது.

உயரம் ஒரு பக்கம். பருமன் இன்னொரு பக்கம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37. அதே ஆய்வில், எடை குறைவாக இருக்கும் பெண்கள் நூற்றுக்கு 12, 13 பேர். இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். கடைக்காரர் "ஓரம்" என்று நினைக்கிற ஆட்கள்தான் இங்கே பெரும்பான்மை! ஒல்லியான பிள்ளைகளும் இதே வேதனையைத்தான் படுகிறார்கள். "குழந்தைங்க செக்ஷன்ல பாரு" என்று அவர்களையும் அனுப்பத்தான் செய்கிறார்கள்.

எடை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பருமனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் வரலாம் என்பது உண்மை. நம்ம ஊரில் இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது டாக்டர் பேச வேண்டிய விஷயம். ட்ரையல் ரூம் வாசலில் நின்று யாரும் பேச வேண்டிய விஷயம் இல்லை.

நமக்கென்று ஒரு சைஸ் சார்ட் வேண்டும் என்பதற்காகத்தான், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது. ஆறு பகுதிகளில் ஆறு நகரங்கள், 15 முதல் 65 வயது வரை 25,000 பேர், உடம்பைத் தொடாமலே அளக்கும் 3டி ஸ்கேனர். அந்த அளவுகள் நம்ம துணியில் வந்து சேர வேண்டும். சேர்ந்தாலும் அது சராசரிதான், நார்மா கதையை மறக்கக் கூடாது. உங்கள் அளவு உங்களிடம் இருக்க வேண்டும்.

அளவு ஜாக்கெட்டும் போனும்

அந்த அளவை எப்படி வைத்துக்கொள்வது? இதற்கு நம்ம பாட்டிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சேலைக்கு சைஸ் கிடையாது, வேட்டிக்கும் கிடையாது. நாலு முழமா எட்டு முழமா என்பதோடு சரி. தைக்கிற துணி ஜாக்கெட் மட்டும்தான். அதற்கு டெய்லரிடம் என்ன கொடுத்தார்கள்? அளவு ஜாக்கெட். இருப்பதிலேயே நல்லாப் பொருந்துகிற ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, "இதே மாதிரி தைச்சுக் குடுங்க" என்பார்கள். எந்தப் பாட்டியும் டெய்லரிடம் போய் "நான் எக்ஸ்எல்" என்று சொன்னதில்லை.

அதே வேலையைப் போனில் செய்யப் போகிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற சட்டை அல்லது குர்தி ஒன்று, பேண்ட் ஒன்று எடுங்கள். துவைத்ததாக இருக்கட்டும். தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள்.

இரண்டு. சட்டையில் நான்கு அளவு: ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்பு, தோள் தையலிலிருந்து தோள் தையல், கை நீளம், மொத்த உயரம். பேண்டில் நான்கு: இடுப்பு, சீட், தொடை, உள்கால் நீளம். முதல் மூன்றையும் குறுக்கே அளந்து இரண்டால் பெருக்க வேண்டும்.

மூன்று. எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். டேப்பில் இஞ்ச் மட்டும் இருந்தால் 2.54-ஆல் பெருக்குங்கள். 38 இஞ்ச் என்பது 96.5 சென்டிமீட்டர்.

நான்கு. அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அளவு ஜாக்கெட். வீட்டில் அப்பா, தாத்தா, பாட்டிக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.

இனி ஆன்லைனில் வாங்கும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள், சார்ட்டைத் திறந்து சென்டிமீட்டரைப் பாருங்கள். இதில் ஒரு பொறி உண்டு. சில சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவு. சிலவற்றில் துணியின் அளவு. இரண்டும் வேறு. மூச்சு விட, கை தூக்க, சட்டை உடம்பைவிட மார்பில் எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூட இருக்க வேண்டும். உடம்பு 96 உள்ளவர், 96 என்று போட்ட சட்டையை வாங்கினால், அது துணியின் அளவாக இருக்கும் பட்சத்தில் பட்டன் தெறிக்கும். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, துணி அளவோடு உங்கள் அளவுச் சட்டையை ஒப்பிடுங்கள்.

கடையில் வாங்கும்போது உள்பக்கத் தையலைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே துணி விட்டிருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிரித்து விடலாம். ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருந்தால் முடியாது. சந்தேகமாக இருந்தால் பெரிதாக வாங்குங்கள். பெரிய துணியைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க எந்த டெய்லராலும் முடியாது.

சட்டம் எதுவரை வரும்?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "உங்க சைஸ் இல்லை" என்று ஒரு கடை சொல்வது சட்டப்படி குற்றம் இல்லை. எந்த சைஸ் வைத்திருக்க வேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வைத்திருக்கும் துணியின் சைஸை மறைக்கவோ பொய்யாகச் சொல்லவோ அவருக்கு உரிமை இல்லை.

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 என்று ஒன்று உண்டு. பிரித்து வைத்து விற்கும் ரெடிமேட் துணிகளுக்கு 2022-ல் பல தளர்வுகள் கொடுத்தார்கள். ஆனால் நான்கு விவரம் கட்டாயம் என்று வைத்தார்கள்: விற்பனை செய்யும் நிறுவனத்தின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சல், போன் எண், அதிகபட்ச சில்லறை விலை, நாலாவதாக, சைஸ். அந்த சைஸ் எஸ், எம், எல் என்று எழுத்தில் மட்டும் இருந்தால் போதாது, சென்டிமீட்டர் அல்லது மீட்டரிலும் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் டேக்கைத் திருப்பி இதைப் பார்த்திருக்கிறோம்? இன்றிலிருந்து பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் சொல்லலாம்.

ஆன்லைனுக்கு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020. குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறான பொருளையோ திருப்பி வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சார்ட்டில் மார்பு 104 என்று போட்டு, வந்த சட்டை 96 இருந்தால், அது உங்கள் உடம்பின் குறை இல்லை, பொருளின் குறை. தைரியமாகத் திருப்புங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நேரடிக் கடைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. கவனியுங்கள், "கலர் பிடிக்கல" என்பது இதில் வராது. அது கடையின் தயவு.

இதெல்லாம் நடக்க உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். ஆர்டர் போடும்போதே சைஸ் சார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். டேக்கை அறுக்கும் முன் டேப்பை வைத்து அளந்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனி கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. "எண்ணூறு ரூபாய் சட்டைக்கு யாரு போவா?" என்று நினைப்பீர்கள். 1915-க்கு ஒரு போன் போட எண்ணூறு ரூபாய் மட்டும் இல்லை, எண்பது ரூபாய் சட்டையும் போதும்.

கேட்டுவிட்டு வாருங்கள்

கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். சைஸ் இல்லை என்று திரும்புகிறவர் என்ன கேட்டார் என்று அதில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால், உங்கள் பில் சொல்லாத வியாபாரம் அதில் தெரியும். உங்கள் கடைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். "உங்க சைஸ் வராது" என்பதற்குப் பதில், "எங்ககிட்ட அந்த சைஸ் இல்லைங்க" என்று சொல்லட்டும். முதலாவது வாடிக்கையாளர் உடம்பைக் குறை சொல்கிறது. இரண்டாவது கடையின் ஸ்டாக்கைச் சொல்கிறது. உண்மை இரண்டாவதுதான்.

மாணவிகளுக்கும் ஒன்று. சைஸ் இல்லை என்றால் பேசாமல் தலை குனிந்து வெளியே வராதீர்கள். "சீட் 114 சென்டிமீட்டர் வேணும், எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். எண்ணில் கேட்டால் அது ஆர்டர். ஒரு கடையில் பத்து பேர் இப்படிக் கேட்டால் பதினோராவது ஆளுக்கு ஸ்டாக் வரும். உங்கள் தெரு முனையில் மெஷின் போட்டிருக்கிற அக்காவையும் மறக்காதீர்கள். ஒருவருக்கென்று அளவெடுத்து வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, என் தங்கை மகளுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். முதல் கம்பெனியில் கிடைக்கவில்லை. கோடிங் ரவுண்டில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனால் ராத்திரி இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நாலு மாசம் கழித்து இன்னொரு கம்பெனியில் சேர்ந்தாள், அதே பேண்ட் போட்டுக்கொண்டு. இப்போது அவள் போனில் ஒரு போட்டோ இருக்கிறது: இடுப்பு 86, சீட் 114. எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறாள்.

இந்த மேஜையில் டேப் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் வரிசையாக வாங்க, அளந்து எழுதிக் கொடுக்கிறேன். யாரும் யார் நம்பரையும் எட்டிப் பார்க்கக் கூடாது, அது மட்டும் கண்டிஷன்.